பெட்டியை அடைத்த துணி

நகரத்துச் சைக்கிள்களுக்கெல்லாம் இலவசமாக ஒரு வில்லை ஒட்டிவிட்டார்கள். வில்லை பேருந்துக்கு அருகில் வந்தால் ஓட்டுநருக்கு முன்னாலுள்ள பெட்டி கத்தும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் சந்தை நிறுத்தத்தில் நாற்பது சைக்கிள்கள் பூட்டி நின்றன. நிற்பதும் ஓடுவதும் பெட்டிக்கு ஒன்றுதான்.

ஓட்டுநர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். நிறுத்தம் வருமுன் கண்ணாடி துடைக்கும் துணியை மடித்துப் பெட்டியின் வாயில் அடைப்பது, தாண்டியதும் எடுப்பது. அவர்களில் இருபத்தாறு வருடம் ஓட்டிய ஒருவர் செவ்வாய்க்கிழமை எடுக்க மறந்துபோனார். அடுத்த திருப்பத்தில், இடது பக்கம், பேருந்து உரசி ஒரு பெண்மணி சைக்கிளோடு சாய்ந்தாள். முழங்கையில் சிராய்ப்புதான். அவள் எழுந்து, சங்கிலியை மாட்டிக்கொண்டு போனாள். திட்டியிருந்தாலாவது தேவலை.

பணிமனையில் மறைக்காமல் சொன்னார். பெட்டியைச் சரிசெய்ய ஆறு மாதமாகும், துணி மட்டும் வைக்காதீர்கள் என்றார்கள். இன்னொருத்தரைச் சாய்த்துவிடுவோமோ என்ற பயத்தில் அவர் துணியை மடியிலேயே போட்டுக்கொண்டு ஓட்டினார்.

"வச்சா பயம், எடுத்தா தலைவலி. என்னதான் பண்ணுறது அண்ணே?" என்றாள் அவரோடு வரும் நடத்துநர்.

"சைக்கிளைத் தள்ளி வைக்கணும்."

"நாப்பதையுமா?"

"நீ டிக்கெட் கிழிச்சிட்டு வேடிக்கை பாக்கப் போறியா?"

மதிய இடைவேளையில், மற்ற சைக்கிள்கள் எட்டாத தூரத்தில் பேருந்தை நிறுத்தி, அவள் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தாள். அவர் ஒரு சைக்கிளின் பின்சக்கரத்தைத் தூக்கிப் பின்னோக்கி நடந்தார். கத்தல் நின்ற இடத்தில் அவள் கையைக் காட்டினாள். அந்தத் தூரத்தை நிறுத்தத்தில் அளந்து சுண்ணாம்புக் கோடு போட்டு, ஒவ்வொன்றாகக் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோனார்கள். இடுப்பு விட்டுப்போயிற்று.

"பஸ் ஓட்டத் தெரியலன்னா இந்த வேலைக்கு வந்துடுறதா?" என்றாள் சந்தையில் காய் விற்பவள்.

"ஆமாக்கா, இதுல ரிட்டையர்மென்ட் கிடையாது," என்றார் அவர்.

மறுநாள் பாதி பழைய இடத்துக்கே வந்திருந்தன. மறுபடி தூக்கினார்கள். அதற்கடுத்த நாள் ஏழுதான். காய் விற்பவளே இரண்டைத் தூக்கினாள், முணுமுணுத்துக்கொண்டு.

சனிக்கிழமை பேருந்து நிறுத்தத்தில் நின்றபோது பெட்டி கத்தவில்லை. ஆட்கள் ஏறினார்கள். கிளம்பச் சொல்லி நடத்துநர் விசிலடித்தாள். அவர் பிரேக்கிலிருந்து காலை எடுத்தார். பெட்டி ஒரே தடவை கத்தியது.

அழுத்தி நிறுத்தினார். பின்னாலிருந்து வசவு கேட்டது. கண்ணாடியில் யாருமில்லை. பிறகு முன்சக்கரத்தை ஒட்டினாற்போல் ஒரு ஆள், மூட்டை கட்டிய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, பேருந்து என ஒன்று இருப்பதே தெரியாதவராகக் கடந்துபோனார்.

"போலாமா அண்ணே?"

"இரு. அவர் போகட்டும்."

மடியில் கிடந்த துணியை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.