வாஞ்சிநாதன் ஜீப்பின் வாயை அடைத்த விதம்

கொல்கத்தா லேக் மார்க்கெட்டில் வாஞ்சிநாதன் குடியிருந்த கட்டடத்தில் ரகசியம் பேச இடம் கிடையாது. மூன்று மாடியிலும் தமிழ்க் குடும்பங்கள். கீழ்வீட்டில் யாராவது தும்மினால், மேல்வீட்டுப் பட்டாபிராமன் ஜன்னல் வழியாக, "கஷாயம் போடச் சொல்லட்டுமா ஓய்?" என்று விசாரிப்பார். ஆகவே முக்கியமான விஷயம் எதுவானாலும் ஞாயிற்றுக்கிழமை ஜீப்பில் ஏறி, கங்கைக்கரை வரை போய்த் திரும்புவதற்குள் பேசி முடித்துவிடுவது என்று வாஞ்சிநாதனும் அவர் மனைவி சுந்தரவல்லியும் வழக்கம் வைத்திருந்தார்கள்.

ஜீப்புக்குள் பேசுவது பட்டாபிராமன் காதில் விழாது என்பது நிச்சயம். பக்கத்து சீட்டில் இருப்பவர் காதிலும் விழாது. அந்தச் சின்னக் குறையை இருவருமே பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒருவர் வாய் அசைந்தால் மற்றவர் தலையை ஆட்டுவார். வீடு திரும்பும்போது இருவர் முகத்திலும் பாரம் இறங்கிய தெளிவு இருக்கும்.

சிலிகுரிக் கிளைக்கு வேலையாகப் போயிருந்தபோது ஒரு தேயிலைத் தோட்டத்து மேனேஜரிடமிருந்து வாங்கிய ஜீப் அது. நாலு சக்கரமும் இழுக்கும், தகரக் கூரை போட்ட டீசல் வண்டி. மலை ஏறும், சேற்றில் இறங்கும். கொல்கத்தாவில் மலையும் கிடையாது, அவர் சேற்றில் இறங்கும் ஆளும் கிடையாது என்பது வாங்கின பிறகுதான் அவருக்கு உறைத்தது. மாவு மில்லுக்குச் சக்கரம் வைத்தது போல் அது ரஸ்பிஹாரி அவென்யூவில் வரும்போது டிராஃபிக் போலீஸ்காரரே காதில் விரல் வைத்துக்கொள்வார்.

ஆகஸ்ட் கடைசியில் வாஞ்சிநாதனுக்கு பேங்கிலிருந்து ஓய்வு. செப்டம்பரில் பாளையங்கோட்டை. தம்பி செந்தில்நாதன் தன் வீட்டு மாடியைக் காலி செய்து சுண்ணாம்புகூட அடித்துவிட்டான். சாமான்களை லாரியில் ஏற்றிவிட்டு, தானும் வல்லியும் இந்த ஜீப்பிலேயே கடலோரமாக ஊர்போய்ச் சேருவது என்பது வாஞ்சிநாதனின் திட்டம். ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதையெல்லாம் விவரமாக அவளிடம் சொல்லியாகிவிட்டது. வல்லியும் தலையாட்டிவிட்டாள். கடன் விண்ணப்பத்தில் ஆயிரம் ஓட்டை கண்டுபிடிக்கிற மனுஷர், இந்தச் சம்மதத்தை மட்டும் மறுபேச்சில்லாமல் பாஸ் பண்ணினார்.

ஒரே ஒரு கவலைதான். இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் இந்தச் சத்தத்தில் உட்கார்ந்து வரச் சொன்னால், புவனேஸ்வர் தாண்டுவதற்குள் வல்லி ரயிலேறிவிடுவாள். அவள் பக்கத்தில் இல்லாமல் அந்தப் பயணம் அவருக்கு வேண்டாம். உள்ளதைச் சொன்னால், அவள் பக்கத்தில் இல்லாமல் எதிர்த்த கடைக்குப் போய் வருவதுகூட அவருக்குச் சிரமம்தான். வங்காளி பேசுவதெல்லாம் வல்லி பொறுப்பு. அவள் காளிகாட்டில் பிறந்து வளர்ந்தவள். இவர் முப்பது வருஷம் பவானிபூர் ஆபீஸுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஆங்கிலத்திலேயே காலத்தை ஓட்டியவர்.

ஆகவே மே மாதம் வேலை தொடங்கியது. கற்றுத்தந்தது யூடியூப். ஆஸ்திரேலியாவில் ஏதோ பாலைவனத்தில் வசிக்கும் தாடிக்காரர் ஒருவர், இதேபோன்ற பழைய வண்டியின் உள்பக்கத்தைத் துருவெடுத்து, சத்தமில்லாமல் பண்ணுவதைத் தொடர் வீடியோவாகப் போட்டிருந்தார். வாஞ்சிநாதன் அவரைக் குருவாக வரித்துக்கொண்டார்.

சீட்டைக் கழற்றி, பழைய ரப்பர் விரிப்பைத் தூக்கியதும் அடியில் துரு பொரிப்பொரியாக உதிர்ந்தது. கம்பி பிரஷ் வைத்துத் தேய்த்ததில் தரை பளபளத்ததோ இல்லையோ, வாஞ்சிநாதன் தலையிலிருந்து கால்வரை செம்மண் நிறமானார். அப்புறம் துருவை முறிக்கும் திராவகம், அதன்மேல் துத்தநாக பிரைமர், அதன்மேல் பெயின்ட். காய்ந்ததும் ஒருபக்கம் அலுமினியத்தாள் ஒட்டிய கருப்பு ரப்பர்த் தகடுகளை வெட்டி, சூடு காட்டி, உருளையால் அழுத்தித் தரை, கதவு, கூரை எங்கும் ஒட்ட வேண்டும். சூடு காட்டுவதற்கு வல்லியின் ஹேர் டிரையரை எடுத்துக்கொண்டார். அதில் தார் வாசனை ஏறி, பிறகு அவள் தலைக்குக் காட்டினால் புதிதாகப் போட்ட ரோடு மாதிரி மணத்தது. அவளோ, ரிட்டயர் ஆகப்போகிற மனுஷனுக்கு ஒரு பொழுதுபோக்கு வேண்டுமே என்று விட்டுவிட்டாள்.

"என்ன ஓய், ஜீப்புக்கு மெத்தை தெச்சிண்டிருக்கீரா?" என்றார் மேலிருந்து பட்டாபிராமன்.

"சவுண்ட் ப்ரூஃபிங் சார். துருவும் வராது, சத்தமும் வராது."

"அப்போ இனிமே நீங்க ரெண்டு பேரும் எங்கே போய்ப் பேசுவேள்?"

வாஞ்சிநாதன் சிரித்து வைத்தார். மனுஷருக்குப் பொறாமை என்று நினைத்துக்கொண்டார்.

தரையில் மூலைக்கு ஒன்றாக ரூபாய் நாணய அளவில் சில ஓட்டைகள் இருந்தன. துரு தின்ற ஓட்டை இவ்வளவு வட்டமாகவா இருக்கும் என்று ஒரு நிமிஷம் யோசித்தார். ஆனால் சத்தம் நுழைவதற்குத் தோதான வழி. அதனால் ஒவ்வொன்றிலும் ரப்பர் மூடி வைத்து, சுற்றிப் பசை பூசி, மேலே தகடு ஒட்டி, அதன்மேல் பஞ்சு, அதன்மேல் மரூன் நிறக் கார்ப்பெட் என்று புதைத்தார். தாடிக்காரரும் அப்படித்தான் செய்தார். அவர் ஊரில் மழை பெய்வது பத்திரிகைச் செய்தி என்பதை வாஞ்சிநாதன் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. ஆடி மாதத்தில் கட்டிலைத் தூக்கிச் செங்கல்மேல் வைக்கும் ஊரில் முப்பது வருஷம் குடியிருந்தவர், வண்டிக்கு அடிவயிற்றில் எதற்கு ஓட்டை வைப்பார்கள் என்று தெரியாமல் அடைத்தார் என்றால், அவர் படித்த படிப்பையும் வகித்த பதவியையும் என்னவென்று சொல்ல!

ஜூலையில் ஒரு ஞாயிறு மதியம் வெள்ளோட்டம். ஜாதவ்பூரில் வல்லியின் காலேஜ் சிநேகிதி ஸ்மிதா வீட்டுக்குப் போய்வருவதாக ஏற்பாடு. கதவைச் சாத்தினால் பழைய 'டங்' இல்லை, அடக்கமாக 'டப்' என்றது. இன்ஜின் எங்கோ பக்கத்துத் தெருவில் ஓடுவதுபோல் முனகியது. வாஞ்சிநாதனுக்குப் பெருமையில் நெஞ்சு நிமிர்ந்தது.

"எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு" என்றாள் வல்லி.

அதற்குமேல் இருவருக்கும் பேச்சு வரவில்லை. வாஞ்சிநாதன் இரண்டு முறை தொண்டையைச் செருமினார். அந்தச் செருமல் அவ்வளவு துல்லியமாகக் கேட்டதில் அவருக்கே கூச்சமாகிவிட்டது. புதிதாகக் கல்யாணமானவர்களை ஓர் அறையில் தனியாக விட்டதுபோல் ஜாதவ்பூர் வரை ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. டாகுரியாவுக்கு முன்னால் பள்ளமான ரோட்டில் பஸ்ஸே தயங்கி நின்றது. வாஞ்சிநாதன் தயங்கவில்லை. இத்தனை வருஷமாக இந்த வண்டி காத்திருந்த நாள் அல்லவா! நாலு சக்கரத்தையும் இழுக்க விட்டு, கார்க்காரர்களை இளப்பமாக ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தண்ணீரில் இறங்கினார். கிளட்ச் பெடல் சந்து வழியாகவும் கதவிடுக்கு வழியாகவும் தண்ணீர் உள்ளே வந்தது. வண்டி அந்தப் பக்கம் ஏறிவிட்டது. உள்ளே வந்த தண்ணீர் மட்டும் இறங்கவில்லை.

அவர்கள் தெருமுனைக்கு வந்ததும் இன்ஜின் இரண்டு இருமு இருமி நின்றுபோனது. எதிரே தெருப் பையன்களிலிருந்து தலை நரைத்தவர்கள் வரை பழியாய்க் கிடக்கும் பாரா கிளப், அதாவது பேட்டைக்காரர்களின் கிளப். தெருவில் செருப்பு நனையும் அளவுக்குத்தான் தண்ணீர் இருந்தது. ஜீப்புக்குள் கணுக்கால் மூழ்கியிருந்தது. வல்லியின் ஒற்றைச் செருப்பு மிதந்து வந்து வாஞ்சிநாதன் காலைத் தொட்டது.

"இந்தத் தண்ணி எப்பப் போகும்?" என்றாள் வல்லி.

"போகாது."

"ஏன்?"

"போற வழிய நான் அடைச்சுட்டேன்."

வல்லி புடவையை முழங்காலுக்குத் தூக்கிக்கொண்டு கால்களைச் சீட்டில் மடக்கிக்கொண்டாள். கூரைமேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே கேட்கவில்லை. வேலை அவ்வளவு சுத்தம். ஏதாவது பேசி மானத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று வாஞ்சிநாதனுக்குத் தோன்றியது.

"இதுக்குத்தான் சொல்லுதேன் வல்லி, பாளையங்கோட்டைல இந்தத் தொல்லையெல்லாம் கிடையாது. செப்டம்பர்ல போய்ட்டோம்னா..."

"யார் போய்ட்டா?"

"நாமதான். தம்பி வீட்டு மாடிக்கு. சுண்ணாம்பு அடிச்சாச்சே."

"என்ன சொல்றீங்க? யார்கிட்ட கேட்டீங்க?"

"உங்கிட்டதான் கேட்டேன். ஜனவரில. இதே சீட்டுல இருந்து தலையாட்டினியே!"

வல்லி அவரை அப்படியே பார்த்தாள். "கியர்பாக்ஸைப் பத்தி ஏதோ சொல்றீங்கன்னு நினைச்சேன். நீங்க வண்டில வேற என்ன பேசுவீங்க?"

வல்லி நிறுத்தவில்லை.

"நானும்தான் கேட்டேன். சரஸ்வதி பூஜைக்கு அடுத்த ஞாயித்துக்கிழமை. ரிட்டயர் ஆனாலும் நாம இங்கேயேதான் இருக்கணும், நான் இந்த ஊரை விட்டு வரமாட்டேன்னு சொன்னேன். இந்த வருஷம் துர்கா பூஜைக்கு போக், அந்தப் பிரசாதச் சமையல் மொத்தமும் என் பொறுப்புல விட்டிருக்காங்க, ஒத்துக்கட்டுமான்னு கேட்டேன். நல்லாத் தலையாட்டினீங்க. சிரிக்கக்கூடச் செஞ்சீங்க."

அவருக்கு அந்தச் சிரிப்பு ஞாபகம் இருந்தது. அன்றைக்கு நாலாவது கியர் முனகாமல் விழுந்தது.

அவர் இரண்டு மாதம் முதுகொடியத் துரு எடுத்தது, விரல் வெந்து தகடு ஒட்டியது, எல்லாம் அவள் வரமாட்டேன் என்று சொல்வதைத் தெளிவாகக் கேட்பதற்குத்தான் என்று ஆயிற்று. அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் மிதந்துகொண்டிருந்த செருப்பை எடுத்துத் தண்ணீரை வடித்து டாஷ்போர்டுமேல் வைத்தார்.

"அங்க எதுக்குங்க போகணும்? அதைச் சொல்லுங்க முதல்ல" என்றாள் வல்லி. கோபம் இல்லை. நிஜமாகவே கேட்டாள்.

காரணங்களை அவர் வரிசையாக வைத்திருந்தார். தாமிரபரணித் தண்ணீர், தம்பியின் ஒத்தாசை, புழுக்கம் இல்லாத காற்று. அதில் கடைசியானது பொய் என்று பாளையங்கோட்டையில் ஒரு மே மாதம் இருந்தவர்களுக்குத் தெரியும். ஒன்றும் வாயில் வரவில்லை. வேறொன்று வந்தது.

"பேங்க் போய்ட்டா இந்த ஊர்ல என்னை யாருக்குத் தெரியும் வல்லி? காலைல எந்திரிச்சு எங்க போவேன்? பேச ஆள் கிடையாது. எனக்குப் பயமா இருக்கு."

சொன்ன பிறகு காது கூசியது. பழைய ஜீப்பாக இருந்தால் இதை இன்ஜின் விழுங்கியிருக்கும். கேட்டதோ கேட்கவில்லையோ என்று இருவரும் வீட்டுக்குப் போயிருக்கலாம். இப்போது ஒரு எழுத்து விடாமல் கேட்டுவிட்டது. வல்லி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆட்டுவதற்கு அவளுக்கும் தலை வரவில்லை.

பிறகு அவள் ஜன்னலை இறக்கினாள். மழைச்சத்தம் மொத்தமும் உள்ளே விழுந்தது. கிளப் வாசலில் நின்றுகொண்டிருந்தவர்களைப் பார்த்து, வண்டியைத் தள்ளிவிட வரும்படி வங்காளியில் குரல் கொடுத்தாள். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நாலைந்து பேர், "ஆஸ்ச்சி பௌதி!", வந்துவிட்டோம் அண்ணி, என்று ஓடிவந்தார்கள். ஒருவர் வாஞ்சிநாதன் பக்கத்துக் கதவைத் திறந்தார். உள்ளிருந்த தண்ணீர் மடை திறந்ததுபோல் அவர் காலில் கொட்டியது. அவர் கோபப்படவில்லை. வாய்விட்டுச் சிரித்தார். நியாயமான சிரிப்பு என்றுதான் வாஞ்சிநாதனுக்கும் பட்டது.

வல்லி சிரிக்காமல் அவர்களிடம் பேசிக்கொண்டே போனாள். வாஞ்சிநாதனுக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் புரிந்தது. இவர்தான் என் வீட்டுக்காரர். முப்பது வருஷமாக இந்தத் தெருவில்தான் இருக்கிறார், நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். ஆகஸ்டோடு வேலை முடிகிறது. செப்டம்பரிலிருந்து காலையில் உங்கள் கிளப்புக்குத்தான் வருவார்.

செப்டம்பர் என்ற சொல் அவருக்கு நன்றாகவே புரிந்தது. திரும்பி வல்லியைப் பார்த்தார். அவள் கண் கலங்கியிருந்தது. ஆனாலும் அவரைப் பார்க்காமல் நேரே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காலில் தண்ணீர் கொட்டின மனுஷர் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஜீப்புக்குள் குனிந்தார். "தாதா, கேரம் கேல்தே பாரேன்?"

கேரம் ஆட வருமா என்று கேட்கிறார். வாஞ்சிநாதன் பழக்க தோஷத்தில் தலையை ஆட்டினார். அந்த மனுஷர் அதில் திருப்தியடையாமல் இன்னும் குனிந்து காத்திருந்தார்.

"பாரி", ஆட வரும், என்றார் வாஞ்சிநாதன், மழையையும் மீறிக் கேட்கும்படி.

முப்பது வருஷத்தில் அந்தத் தெருவில் அவர் உரக்கச் சொன்ன முதல் வங்காளிச் சொல் அது. சுத்தப் பொய்.