இரண்டு துண்டுக் கடல்

பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தபோதுதான் அந்தப் பிஸ்கட் டப்பா மயிலாள் கையில் அகப்பட்டது. உள்ளே ஒரு சங்கு, கன்னியாகுமரிக் கரையில் எடுத்த மங்கிய போட்டோ, ஒன்றாக முடிச்சுப் போட்ட இரண்டு பனியன் துணித் துண்டுகள்.

முடிச்சைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கல்யாணமான வருசம், எண்பதில், புருசன் திருமூர்த்தி வேலை பார்த்த வீரபாண்டிச் சாயப்பட்டறையில் எல்லோரையும் வேன் வைத்துக் கூட்டிப்போனார்கள். அவளும் திருமூர்த்தியும் கடலை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார்கள். பார்த்ததும் சண்டை! நீலம் என்றார் அவர். பச்சை என்றாள் இவள். ஊர் வந்து சேரும்வரை ஓயவில்லை. அடுத்த வாரம் பட்டறையில் இரண்டு துண்டுகளுக்குச் சாயம் ஏற்றிக்கொண்டு வந்து நின்றார்.

"இது என்ற கடலு. இது உன்ற கடலு. இனி வாயத் தொறக்காத."

கட்டிக்கொண்டவர் தன் கையால் செய்து கொடுத்த முதல் பொருள். தூக்கிப்போட மனசு வருமா?

இந்தப் பத்தொன்பது வருசத்தில் அவர் சாய மாஸ்டர் ஆகிவிட்டார். டீ குடித்துக்கொண்டிருந்தவர் முன்னால் போய் மயிலாள் துண்டுகளை நீட்டினாள்.

"ஏனுங்க, இதுல என்ற கடலு எதுன்னு சொல்லுங்க பாக்கலாம்."

முடிச்சை அவிழ்த்தார். ஜன்னலோரம் போய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதென்ன பெரிய வித்தை? இந்தா, உன்ற பச்சை."

நீட்டியது நீலம்.

கிண்டல் செய்கிறார் என்றுதான் அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. மயிலாளுக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. போன மாதம் கலர் மாறிப்போச்சென்று கம்பெனி திருப்பியனுப்பிய துணி. பட்டறைக்கு வரும் லாரித் தண்ணீர்தான் காரணமென்று அவர் திட்டிய திட்டு. தீபாவளிக்கு வெள்ளைச் சட்டையே போதும் என்ற பிடிவாதம்.

"அது நீலமுங்க" என்றாள் மெதுவாக.

அவர் துண்டை மறுபடி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். டீ ஆறி ஆடை கட்டியது.

"கொஞ்ச நாளா எல்லாமே கலங்கல் தண்ணிக்குள்ள பாக்கறாப்பல இருக்குது புள்ள. வெளிய சொன்னா, கலர் தெரியாத சாய மாஸ்டர எவன் வெச்சுக்குவான்?"

"நீங்க சொல்லாட்டித் துணி சொல்லிப்போடுமுங்க. போன மாசம் சொல்லுச்சல்ல?"

அவர் ஆறிய டீயைத் தள்ளி வைத்தார்.

"சக்கரைக்காரருக்குக் கண்ணுல புரை சீக்கிரம் உழுகும்னு உங்களுக்குச் சக்கரை வந்த அன்னைக்கே டாக்டர் சொன்னாருங்க. நம்ம பக்கத்து வீட்டுச் சின்னாத்தாக்கா புரை அறுத்துட்டு வந்து இப்ப ஊசியில நூலு கோக்குது. நீங்க வாயி மட்டும் பெருசு, ஆஸ்பத்திரின்னா நடுக்கம்."

"ஆமா, எனக்குத்தான் வாயி பெருசு!"

மறுநாள் காலை மொபெட்டை வெளியே எடுத்தவர், பட்டறைக்குப் போகாமல் வாசலிலேயே நின்றார்.

"மொதலாளிகிட்ட நானே சொல்லிப்போடறேன். அப்படியே ஆஸ்பத்திரி. நீ பின்னால ஏறு."

ஏறி உட்கார்ந்தாள். அவர் சட்டைப் பையிலிருந்து அந்தச் சாயத் துண்டுகளில் ஒன்றை எடுத்து, திரும்பாமலே பின்னால் நீட்டினார்.

"இது எந்தக் கலரு, மயிலா?"

கலரைப் பற்றி அவர் இன்னொருவரிடம் கேட்டது அதுதான் முதல் தடவை.

"என்ற கடலுங்க" என்றாள் அவள். "கண்ணு சரியானதும் போய்ப் பாத்துட்டு மறுக்காச் சண்ட போடலாம், வண்டிய எடுங்க."