பழுதில்லாத லிஃப்டுகள்

நான் லிஃப்ட் மெக்கானிக். மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பது என் தொழில். மாட்டிக்கொள்ளும் முன்பே நழுவிவிடுவது என் குணம். வீட்டில் பேச்சு கொஞ்சம் கனமானால் போதும், அடிக்காத போனைக் காதில் வைத்துக்கொள்வேன். "எந்த மாடி சார்? ஆள் உள்ள இருக்காங்களா? இதோ வந்துட்டேன்." கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். பொய் சொல்கிறவனுக்கும் பை வேண்டும்தானே? எங்காவது இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, கையில் கொஞ்சம் கிரீஸைத் தடவிக்கொண்டு திரும்புவேன்.

என் மனைவி கணக்கு டீச்சர். அவளிடம் போய் இந்த வேலையைக் காட்டியிருக்கிறேன் பாருங்கள். மனநல ஆலோசகரிடம் என்னை இழுத்துக்கொண்டு போன முதல் நாளே ஒரு காகிதத்தை நீட்டினாள். ஒரு வருடத்தில் பேச்சு நடுவே எனக்கு வந்த நாற்பத்தொரு அழைப்புகள். தேதி, நேரம், கட்டடம். அதில் ஆறு கட்டடங்களைச் சிவப்பு மையால் சுழித்திருந்தாள். நேரில் போய்ப் பார்த்திருக்கிறாள், அங்கெல்லாம் லிஃப்டே கிடையாதாம். ஒன்று மாடியே இல்லாத போஸ்ட் ஆபீஸ்.

ஆலோசகர் மேடம் சிரிப்பை அடக்கிக்கொண்டு மூக்குக் கண்ணாடியை வெகுநேரம் துடைத்தார். பிறகு சொன்னார்: "வலிக்கிற இடத்துலேர்ந்து ஓடிப்போய்த்தான் இத்தனை நாள் சமாளிச்சிருக்கீங்க. இனிமே ஓடணும்னு தோணினா, பத்து நிமிஷம் இருந்த இடத்துலயே இருங்க. மூச்சை எண்ணுங்க. மனசுல என்ன இருக்குன்னு பேர் வெச்சுச் சொல்லுங்க. பயமா, கோபமா, வருத்தமா, எதுவோ அது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பத்து நிமிடத்தில் நான் ஒரு கதவையே கழற்றி மாட்டிவிடுவேன். இருந்தாலும் முயன்றேன். ஒரு தடவை நாலு நிமிடம் தாக்குப்பிடித்தேன், இன்னொரு தடவை ஏழு.

மூன்றாவது சந்திப்பில் மேடம் அந்தக் கேள்வியைக் கேட்டார். "குழந்தை போன அன்னிக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

மூன்று வருடம் முன்பு, ஐந்தாம் மாதத்தில், மனைவி வயிற்றில் இருந்த குழந்தைக்கு இதயத் துடிப்பு நின்றுவிட்டது என்று டாக்டர் சொன்னார். அடுத்த நிமிடமே நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். ஆஸ்பத்திரிப் படுக்கையில் அவளைத் தனியாக விட்டுவிட்டுப் போனவன், இரண்டு மணி நேரம் கழித்துத்தான் வந்தேன். எங்கே போனேன் என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது. மேடம் கேட்டபோதும் அதையேதான் செய்தேன். போனை எடுத்தேன், பையை எடுத்தேன், போய்விட்டேன்.

அன்று வீட்டில் மனைவி சொன்னாள்: "அடுத்த வாரமும் அதே கேள்வி வரும். அப்பவும் நீங்க ஓடினா, நான் அக்கா வீட்டுக்குப் போயிடறேன். திரும்பி வரமாட்டேன்." குரலை உயர்த்தவேயில்லை.

அடுத்த வாரம் ஐந்தாவது மாடியில், மேடத்தின் அறை வாசலில், அவருக்காகக் காத்திருந்தோம். அவர் வர நேரமாகிவிட்டது. அப்போது என் போன் அடித்தது. சத்தியமாக அடித்தது.

மனைவி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எந்தக் கட்டடம்?"

"இதே கட்டடம்."

"பரவாயில்ல, போஸ்ட் ஆபீஸுக்கு இது தேவலாம்."

"உள்ள மாட்டியிருக்கிறது மேடம்தான்."

வீட்டுப்பாட நோட்டைத் தொலைத்துவிட்டேன் என்கிற பையனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள். நான் ஸ்பீக்கரைப் போட்டேன். எங்கள் அலுவலகத்துத் தம்பியின் குரல் கேட்டது. "அண்ணே, மூணுக்கும் நாலுக்கும் நடுவுல நிக்குது. மேல உங்க மெக்கானிக் ஒருத்தர் இருப்பாருன்னு அந்தம்மாவே சொல்றாங்க."

பையை எடுத்தேன். நாற்பத்தொரு பொய்க்கு ஜம்மென்று கிளம்பிப் போனவனுக்கு, ஒரு நிஜத்துக்குக் கால் வரவில்லை. "நான் ஓடல" என்றேன்.

"தெரியுது. நானும் வரேன், வாங்க" என்று எழுந்தாள்.

நாலாவது மாடிக் கதவில் வாயை வைத்துக் கத்தினேன். "மேடம், பயப்படாதீங்க. லிஃப்ட் விழாது, காத்து வரும். பத்து நிமிஷம் இருந்த இடத்துலயே இருங்க. மூச்சை எண்ணுங்க."



"மனசுல என்ன இருக்குன்னு பேர் வெச்சுச் சொல்லுங்க" என்றாள் என் மனைவி.

"பயம்" என்று மெல்லிய குரல் வந்தது. அடுத்து, "உங்க ரெண்டு பேர் மேலயும் கோபம்."

மொட்டை மாடியில் இருந்த மெஷின் ரூமுக்கு ஏறினோம். மின்சாரத்தை நிறுத்தினேன். இனி கையால்தான் இறக்க வேண்டும். அதற்கு இரண்டு ஆள் தேவை. ஒருவர் பிரேக் கம்பியை அழுத்திப் பிடித்திருந்தால்தான் இன்னொருவர் சக்கரத்தைச் சுற்ற முடியும். கம்பியை விட்டால் லிஃப்ட் அப்படியே நின்றுவிடும். அவள் பிடித்தாள், நான் சுற்றினேன்.

எண்ணெய் நாற்றம், புழுக்கம், இரும்புச் சத்தம். ஓடிவிடலாம் என்று தோன்றியது. ஆனால் அவள் கம்பியைப் பிடித்திருக்கும்போது நான் சக்கரத்தை விட்டுவிட்டு எங்கே போவது? அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்.

"அன்னிக்கு நான் வெளிய எங்கேயும் போகல. அந்த ஆஸ்பத்திரியிலயே, இதே மாதிரி ரூம்ல, உன் தலைக்கு மேல நாலு மாடி தள்ளித்தான் இருந்தேன். கதவைச் சாத்திக்கிட்டு அழுதேன். நீ பார்த்தா நான் உடைஞ்சு போயிடுவேன்னு பயமா இருந்துச்சு."

கம்பி அவள் கையிலிருந்து நழுவியது. சக்கரம் நின்றது. கயிறு இறங்கும் ஓட்டை வழியாக, "என்னாச்சு? ஏன் நின்னுடுச்சு?" என்று மேடத்தின் குரல் வந்தது.

"அழறதுக்குப் போறேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நானும் வந்திருப்பேனே" என்றாள்.

அவள் எதிரிலேயே, சக்கரத்தைப் பிடித்தபடி, வாய்விட்டு அழுதேன். அவளும் அழுதாள். பிறகு தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கம்பியை மறுபடியும் அழுத்திப் பிடித்தாள்.

"சுத்துங்க. பாவம், ஒருத்தியை எவ்வளவு நேரம்தான் தனியா விடுவீங்க."