கால் பாட்டில்

முட்டையைத் தலையில் தேய்த்துக்கொண்டு வெந்நீரை மொண்டு ஊற்றினான் வெல்டர். முடி பளபளக்கவில்லை, முட்டை வெந்ததுதான் மிச்சம். போன வாரம் வினிகர் தேய்த்துப் போனபோது பட்டறையே மூக்கைப் பொத்தியது. அதற்கு முந்தி எலுமிச்சை. கண்ணெரிச்சலில் கத்தி ஊரைக் கூட்டினான்.

இரண்டு வருட நர்ஸ் வேலைக்கு வெளிநாடு போய் எட்டு மாதமான மனைவி, வீடியோ காலில் அவன் தலையைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். முடியில் ஒட்டியிருந்ததை எடுத்துவிடப் போனவள்போல் அவள் விரல் திரைவரை வந்து நின்றது.

“பச்சத் தண்ணியில அலசணும்னு தெரியாதா? ஏங்க இந்தக் கூத்து? என் ஷாம்பு கால் பாட்டில் இருக்குமே?”

“அது எப்பவோ தீந்துபோச்சு.”

பேசி முடித்ததும் அலமாரியைத் திறந்தான். அவள் துணிகளுக்கு நடுவே இருந்த பாட்டிலின் மூடியைத் திருகி ஒரே ஒருமுறை மோந்தான். அவள் தலை வாசனை. இன்னும் பதினாறு மாதத்துக்கு இது வரவேண்டுமே என்று இறுக்கி மூடினான்.