கையகலத் துளை

காற்றுக் கசிவு எண் மூன்றுக்குக் கீழே வந்தால்தான் கட்டடத்துக்குப் பசுமைச் சான்றிதழ். மீட்டர் மூன்று புள்ளி ஒன்றில் நின்றுகொண்டு இறங்குவேனா என்றது.

வாசலில் சிவப்புத் துணியை இழுத்துக் கட்டி, நடுவே பெரிய விசிறியைப் பொருத்தியிருந்தார்கள். அது உள்ளே இருக்கும் காற்றை வெளியே தள்ளும். பதிலுக்குச் சந்து பொந்து வழியாக எவ்வளவு காற்று உள்ளே வருகிறதோ, அதை மீட்டர் காட்டிக் கொடுக்கும். மீட்டருக்கு முன்னால் அளவு பார்க்கும் அம்மா. அவர் பின்னால் கான்ட்ராக்டர், நகத்தைக் கடித்தபடி.

"மானத்தை வாங்கறியே மச்சான். எங்கேயோ ஓட்டை விட்டிருக்கே."

மச்சான் என்றால் கான்ட்ராக்டருடைய மனைவியின் தம்பி. சுவருக்கும் கூரைக்கும் நுரை பீய்ச்சுவது அவன் தொழில் என்பதால் ஊருக்கெல்லாம் நுரைக்காரன். துப்பாக்கியை அழுத்தினால் பால்போல விழுவது, கண்மூடித் திறப்பதற்குள் பொங்கிப் பருத்து இறுகிவிடும். வெயிலும் நுழையாது, குளிரும் நுழையாது.

"என் நுரையில ஓட்டை கிடையாது அத்தான். உங்க ஆளுங்க போட்டதா இருக்கும்."

சொல்லிவிட்டானே தவிர, ரோஷம் விடவில்லை. புறங்கையை நனைத்துக்கொண்டு சுவர் சுவராகத் தடவிப் போனான். கீழ்த்தளத்தின் பின்பக்கம், வரைபடத்தில் 'சாமான் அறை' என்று போட்டிருந்த அறையின் குளியலறையில், தரையை ஒட்டி ஒரு கையகலத் துளை. காற்று விசிலடித்துக்கொண்டு வந்தது. குழாய்க்காரன் குடைந்துவிட்டு மறந்துபோனது என்று நினைத்தான். நுரையை நிரப்பி, பிதுங்கியதை ரம்பத்தால் அறுத்து, மேலே ஒரு பூச்சுப் பூசினான். பத்து நிமிட வேலை.

இரண்டு புள்ளி ஒன்பது.

கான்ட்ராக்டர் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அக்கா கல்யாணத்தில்கூட அப்படிப் பிடித்ததில்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குத் தன் நுரைக் குழாய்களைச் சுருட்டி எடுக்க வந்தான். பதினொரு மணிக்குச் சான்றிதழ் தருகிறவர்கள் வருவதாக இருந்தது. வாட்ச்மேன் தேய்த்த சட்டையில் மாப்பிள்ளை மாதிரி நின்றார். சாமான் அறை என்பதெல்லாம் காகிதத்தில்தான். அதில் அவரும் அவர் மகளும் முந்தின நாள் சாயங்காலமே குடிவந்துவிட்டார்கள்.

"ரூம் எப்படிண்ணே?"

"ராஜா வீடு தம்பி. ஆனா குளிக்கும்போது தலை கிறுகிறுன்னுடுச்சு. வயசாச்சு, வேறென்ன."

"வெந்நீரா?"

"நேத்து சாயங்காலம் கேஸ் ஹீட்டர் மாட்டிக் கொடுத்தாங்களே. நெருப்புதான் நீலமா இல்லாம மஞ்சளா எரியுது."

நுரைக்காரனுக்கு அப்போதுதான் புரிந்தது. அந்தத் துளை மறந்துபோன துளை இல்லை. ஹீட்டருக்குக் காற்று வர விட்ட வழி. அது அடைபட்டால், எரிகிற நெருப்பே அறையை விஷமாக்கிவிடும்.

மாடிக்கு ஓடினான். கான்ட்ராக்டர் கேட்டு முடித்து, குரலைத் தாழ்த்தினார்.

"இப்போ அதைத் திறந்து, அவங்க மறுபடி விசிறியை வச்சா? அவங்க கிளம்பின கையோட திறந்துடலாம். அதுவரைக்கும் ஹீட்டரைப் போட வேண்டாம்னு சொல்லிடு."

"காரணம் கேட்பாரே?"

"சொல்லித் தொலைக்காதே. அந்த ஆள் வாயில எதுவும் நிக்காது. வர்றவங்ககிட்டயே போய் ஒப்பிப்பான்."

நுரைக்காரன் கீழே வந்தான். சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. அடைத்தது அவன் கை அல்லவா.

"அண்ணே, ஹீட்டர்ல கொஞ்சம் வேலை இருக்கு. மத்தியானம்வரைக்கும் போடாதீங்க."

"சரி தம்பி."

பதினொன்றுக்குச் சான்றிதழ் தருகிறவர்கள் வந்தார்கள், அளவு பார்க்கும் அம்மாவும் கூடவே. கைகுலுக்கினார்கள், பச்சை இலை பொறித்த பலகையோடு படம் எடுத்துக்கொண்டார்கள். நுரைக்காரனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. நழுவி, வாட்ச்மேன் நின்ற வாசல் கேட்டுக்குப் போனான்.

"ஹீட்டர் போடலையேண்ணே?"

"நான் ஏன் போடறேன்? பொண்ணு ஷிப்ட் முடிஞ்சு வந்தா. சொன்னேன். என்ன வேலையாம்னு கேட்டா, எனக்கென்ன தெரியும்னேன். அப்போ ரிப்பேர்காரங்க வர்றதுக்குள்ள ஒரு குளியல் போட்டுடறேன்னு போனா."

"எப்போ?"

"முக்கால் மணி நேரம் இருக்குமா?"

நுரைக்காரன் ஓடினான். குளியலறைக் கதவு உள்தாழ். உள்ளே தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. மூன்றாவது உதையில் தாழ் பெயர்ந்தது. வாளியின் பக்கத்தில் அவள் சுருண்டு கிடந்தாள். கன்னம் இரண்டும் வெயிலில் நடந்து வந்தவள்போலச் சிவந்திருந்தன. ஹீட்டரை அணைத்து, அவளைப் போர்வையில் சுற்றி வராண்டாவுக்குத் தூக்கி வந்தான். நெஞ்சை அழுத்தினான். அழுத்திக்கொண்டே இருந்தான். அளவு பார்க்கும் அம்மா குனிந்து கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அவன் கையைப் பிடித்து நிறுத்தினார்.

பிறகு உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "இந்த ஹீட்டருக்குக் காத்து வழி இருந்திருக்கணும். யார் அடைச்சது?"

"நான்," என்றான் நுரைக்காரன்.

கான்ட்ராக்டர் முந்திக்கொண்டார். "தெரியாம நடந்துபோச்சுங்க. அது எதுக்குன்னு யாருக்குமே தெரியாது."

வாட்ச்மேன் மகளின் ஈரத் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து நுரைக்காரனை மட்டும் பார்த்தார்.

"காலையில என்கிட்ட வந்து சொன்னப்பவும் தெரியாதா தம்பி?"

கான்ட்ராக்டரின் விரல்கள் அவன் தோளில் அழுந்தின.

"தெரியும்ணே," என்றான்.