சட்டைப் பையில் இல்லாத வயர்

சினிமாவுக்குப் போனால் லிஃப்ட் மெக்கானிக் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டார். படத்தில் பறக்கிறவன் பறக்கட்டும், அதில் அவருக்கு ஆட்சேபணை இல்லை. லிஃப்டைத் தப்பாகக் காட்டினால்தான் பொறுக்காது. இன்றைக்காவது பேசாமல் படம் பாருங்கள் என்று மனைவி கறாராகச் சொல்லியிருந்தாள். மகள் நச்சரித்து நச்சரித்து வாங்க வைத்த டிக்கெட் அது.

தியேட்டர் ஒரு பெரிய கடை வளாகத்தின் மேல்மாடியில் இருந்தது. அந்த வளாகத்து லிஃப்ட் மதியம் மக்கர் பண்ண, ரிப்பேருக்கு அவரைத்தான் கூப்பிட்டார்கள். வேலையை முடித்த கையோடு, மனைவி கொண்டுவந்த நல்ல சட்டைக்கு மாறி, அப்படியே படத்துக்கு வந்து உட்கார்ந்துவிட்டார்.

இடைவேளையில் மகளுக்குக் குளிர் தாங்கவில்லை. பாத்ரூம் போய்விட்டு, கீழே ஸ்கூட்டரில் இருக்கும் ஸ்வெட்டரையும் எடுத்து வருகிறோம் என்று மனைவி கைப்பையை அவர் மடியில் போட்டுவிட்டுக் கிளம்பினாள். படம் மறுபடி ஆரம்பித்தது. அவர்களைக் காணோம்.

திரையில் கயிறு அறுந்து விழுந்த லிஃப்டைக் கதாநாயகன் ஒற்றைக் கையால் தாங்கினான். ஒரே விசில். மெக்கானிக்குக்குச் சிரிப்பு வந்தது. கயிறு அவ்வளவு லேசில் அறுகிற சமாச்சாரமா? அறுந்தாலும் பிரேக் கவ்விக்கொள்ளும். ஆளை முழுங்குவது கயிறு இல்லை, கதவு. கதவு மூடினால்தான் லிஃப்ட் நகரும். ரிப்பேர் பார்க்கும்போது மட்டும் கன்ட்ரோல் பெட்டியில் ஒரு துண்டு வயரைச் செருகி, கதவு மூடியாச்சு என்று மெஷினை ஏமாற்றுவார்கள். வேலை முடிந்ததும் அதைப் பிடுங்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் கதவு திறந்திருக்கும்போதே லிஃப்ட் நகர்ந்துவிடும். பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டால்தான் அவர் கணக்கில் வேலை முடிந்தது.

கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. பை காலி.

பழைய சட்டையில் இருக்கும், அது ஸ்கூட்டரில் இருக்கிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிப் பார்த்தார். கூட்டம் வருகிறது, சீக்கிரம் முடி என்று வளாகத்து மேனேஜர் அவசரப்படுத்தியது ஞாபகம் இருந்தது. கன்ட்ரோல் பெட்டியை மூடிப் பூட்டியதும் ஞாபகம் இருந்தது. வயரை எடுத்தது மட்டும் ஞாபகம் இல்லை. மனைவிக்குப் போன் போட்டார். மடியில் கிடந்த கைப்பைக்குள்ளேயே மணி அடித்தது.

யார் யார் காலையோ மிதித்துக்கொண்டு வெளியே ஓடினார். வராந்தாவில் மனைவி எதிரே தனியாக வந்துகொண்டிருந்தாள்.

"நல்லவேளை நீங்களே வந்துட்டீங்க. பாத்ரூம்ல அவ்வளவு கூட்டம். வண்டிச் சாவி உங்ககிட்டயே இருக்கு, குடுங்க."

"பாப்பா எங்க?"

"லிஃப்ட் போயிடக் கூடாதுன்னு பிடிச்சுக்கிட்டு நிக்கறா."

வராந்தா திருப்பத்தில் ஓடிப் பார்த்தார். மகள் ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே வைத்து, முதுகைக் கதவில் முட்டுக்கொடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். படத்தில் வந்தவன் மாதிரியே நின்றாள்.

கத்தினால் வம்பு. விளையாட்டு என்று நினைத்து உள்ளே போய் ஒளிந்துகொள்வாள். குரலைத் தணித்து, கையை நீட்டினார்.

"கண்ணு, அப்பாவைத் தூக்கு பாக்கலாம். ஓடி வா."

அவள் யோசித்தாள். கீழே யாரோ பட்டனை அமுக்கியிருக்க வேண்டும், மோட்டார் முனகுவது அவருக்குக் கேட்டது. அவள் ஒரே தாவாகத் தாவி அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அவளுக்குப் பின்னால், விளக்கு எரியும் அந்த லிஃப்ட் பெட்டி, கதவை மூடாமலே கீழே இறங்கிப் போனது. அது நின்ற இடத்தில் வெறும் இருட்டும், ஆடுகிற கயிறும்தான் இருந்தன.

மகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு, யாரும் பக்கத்தில் வராதபடி அந்த ஓட்டைக்கு முன்னால் கையை விரித்து நின்றுகொண்டார். ஓடிப்போய் மெயினை அணைக்கச் சொல் என்று மனைவியைப் பார்த்துக் கத்தினார். தன் கையாலேயே, தன் பிள்ளையையே என்று நினைத்த மாத்திரத்தில் அழுகை வந்துவிட்டது. போகிற வருகிறவர்கள் பார்க்கிறார்களே என்ற வெட்கம்கூட இல்லாமல் அழுதார்.

மகளுக்குக் கோபம்.

"ஏம்பா அழறீங்க? நீங்க கூப்பிடாம இருந்திருந்தா நான் லிஃப்டை விட்டிருக்கவே மாட்டேன்."