பாதி லட்டு

என் நுரையீரல் படத்தில் வெள்ளை நிழல்கள் இருந்தன. முதலில் காசநோய் என்றார்கள். பிறகு சார்கோய்டோசிஸ் என்ற வேறு நோய், யாருக்கும் ஒட்டாது என்றார்கள். புத்தூரில் எங்கள் வீட்டுக்கு முதல் பெயர் மட்டும்தான் வந்து சேர்ந்தது. ஒரு வருடமாகப் பின்னறையில் இருக்கிறேன். தனித் தட்டு, தனி டம்ளர். மாத்திரையால் முகம் உப்பிவிட்டது.

அந்த நிழல்கள் ஆறிய தழும்பா, இன்னும் எரியும் நோயா என்று எக்ஸ்ரேயில் தெரியவில்லை. ரத்தப் பரிசோதனையும் சரியாகத்தான் வந்தது. மாத்திரையால்கூட அப்படி வரலாம் என்றார் டாக்டர். இனி பெட் ஸ்கேன்தான். சர்க்கரை போன்ற ஒரு மருந்தை ஊசியில் ஏற்றுவார்கள். நோய் எரிந்தால் அதை இழுத்துக்கொண்டு படத்தில் ஒளிரும்.

"எரியலன்னு டாக்டர் சொல்லட்டும் யாமினி. அப்பறம் எங்ககூட குந்திக்கினு துன்னு" என்றார் நைனா.

ஸ்கேனுக்காக இரவிலிருந்து பட்டினி. திருப்பதி ஆஸ்பத்திரி வாசலில் நைனா துண்டின் முடிச்சை அவிழ்த்தார். எனக்காக முந்தின நாள் திருமலைக்கு நடந்தே போய் வாங்கிய லட்டு. என் கையில் படாமல் மேலிருந்து போட்டார். மறுக்க முடியவில்லை. பாதி தின்றேன்.

உள்ளே டெக்னீஷியன் ஸ்ரீஹரி, ஏதாவது சாப்பிட்டீர்களா என்று கேட்டார். இல்லை என்று நைனாவே பதில் சொன்னார். அது பொய்யில்லை. எங்கள் வீட்டில் பிரசாதத்தால் விரதம் கலையாது.

ஜன்னலில்லாத அறையில் என்னைப் படுக்க வைத்தார்கள். மருந்தில் கதிர்வீச்சு இருப்பதால் ஊசிக்குப் பிறகு யாரும் பக்கத்தில் வரக்கூடாதாம். எனக்கு அது பழகியதுதான். சாப்பிட்டிருந்தால் மருந்து சதைக்குப் போய்விடும், நோய் மங்கலாகத் தெரியும் என்று ஸ்ரீஹரி சொல்லியிருந்தார். மங்கலான படம் போதும், பின்னறையிலிருந்து வெளியே வந்துவிடலாம். உள்ளே எரிவது எரிந்துகொண்டே இருக்கும்.

பல்லிடுக்கில் நெய் இனித்தது. ஸ்ரீஹரி ஊசியை எடுத்தார்.

"அண்ணா, லட்டு துன்னேன்."

அறை வாசலில் நின்ற நைனா திகைத்தார். "அது பிரசாதம்மே. துன்றதுல சேருமா?"

ஊசி பெட்டிக்குள் திரும்பிப் போனது. அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். அதுவரை அதே மாத்திரை, அதே அறை.

பஸ்ஸில் நைனா எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார். நான் கடித்த மீதி லட்டை அவரிடம் நீட்டினேன். பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்லும் வழக்கம் அவருக்கில்லை. வாங்கிக்கொண்டார். தின்னவில்லை, தூக்கிப் போடவும் முடியவில்லை. புத்தூர் வரும்வரை நெய் அவர் விரலிடுக்கில் வழிந்தது. நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு வந்தேன்.